கருவிழிப் புண் ஆறிய பிறகு உங்களுக்குப் பார்வை எவ்வளவு திரும்பியது?

கதிரடிப்பு:
போன அறுப்பில் நெல் தூற்றும்போது உமி தெறித்து வலது கண்ணில் பட்டது. அப்புறம் நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்: புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள், பூஞ்சை, மணிக்கொருதரம் நாடமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு. புண் ஆறிவிட்டது, வலியும் இல்லை. ஆனால் எழுத்துப் பலகையில் மேல் எழுத்து மட்டும்தான், அதுவும் கலங்கலாக. பரிசோதித்த பெண் துளை போட்ட கறுப்பு அட்டை ஒன்றைக் கண் முன்னால் பிடிக்கச் சொன்னார். கீழ் வரிகள் பளிச்சென்று வந்தன! அட்டையை எடுத்ததும் போச்சு. "தழும்பு மட்டும் இல்லைங்க, கருவிழி மேடுபள்ளமா இருக்கு, அதான் கலங்குது" என்றார். பார்த்த எழுத்தை மறக்க முடியவில்லை. யாருக்காவது அட்டை இல்லாமல் அப்படித் தெரிகிறதா?

இரவுப்பணி:
எனக்குத் தெரிகிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவள், வந்தது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஆறிய பிறகு கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தும் தேறவில்லை. கடைசியில் ஆர்ஜிபி லென்ஸ், அதாவது கெட்டி லென்ஸ். அதற்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் தேங்கி மேடுபள்ளத்தை நிரவிவிடும். போட்டுப் பார்த்த அறையில் எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். ராகுகாலம் எத்தனை மணி என்று வாசித்தேன். அம்மா நம்பாமல், "எமகண்டம் சொல்லு" என்றார். அதையும் சொன்னேன்.

மேலத்தெரு:
இரவுப்பணி, பாக்டீரியா கதையைப் பூஞ்சைக்காரரிடம் சொல்லி ஆசை காட்டாதீர்கள். என் அப்பாவுக்கும் உமிதான். தழும்பு நட்டநடுவில், கெட்டி வெள்ளை. லென்ஸ் எடுபடவில்லை, கருவிழி மாற்றினார்கள். தையல் பிரிக்கவே வருடக்கணக்கு. இப்போது பேப்பர் படிக்கிறார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கண் சிவந்தால் மெடிக்கல் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே இறங்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். நாடமைசின் அடியில் வெள்ளையாகத் தங்கும், குலுக்கித்தான் விடணும். விலை கூடின மருந்து கேட்டு டாக்டரிடம் மல்லுக்கட்டாதீர்கள்: 2013இல் வெளிவந்த ஆய்வில், மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சேர்ந்து செய்தது, வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நாடமைசின்தான் நல்ல பலன் தந்தது, முக்கியமாக ஃபியூசேரியம் பூஞ்சைக்கு. அப்புறம், தழும்பு மாதக்கணக்கில் தானாகவும் மெலியும். அவசரப்பட்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரவுப்பணி:
அண்ணா, அவர் கேட்டது லென்ஸைப் பற்றி. அவருக்கு அட்டையில் தெரிந்தது, அப்பாவுக்கு அப்படித் தெரிந்ததா?

மேலத்தெரு:
அட்டை வைத்துப் பார்த்த ஞாபகமே இல்லை.

கதிரடிப்பு:
சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கெட்டி லென்ஸைப் போட்டுக்கொண்டு களத்துமேட்டில் நிற்க முடியுமா?

இரவுப்பணி:
முடியாது. ஒரு தூசு அடியில் போனாலே துடித்துப்போவீர்கள். களத்துக்குக் கழற்றிவிட்டு, பக்கமும் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.