அடுத்த சீசன் எங்கேடா?

திண்ணைவாசி:
நல்ல தொடராகப் பார்த்து பாதியில் நிறுத்திவிடுகிறார்களே, அந்த வயிற்றெரிச்சலைக் கொட்டத்தான் இந்த இழை. முதலில் என் கதை.

2009-ல் ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பனின் ஹார்ட் டிஸ்க்கில் 'ஃபயர்ஃபிளை' கிடைத்தது. விண்வெளிக் கப்பலில் ஒரு சின்னக் கும்பல், கிடைத்த சரக்கைக் கடத்திப் பிழைப்பு ஓட்டுகிறது. கோபம் வந்தால் சீன மொழியில் திட்டுவார்கள். சனிக்கிழமை காலை ஆரம்பித்தவன் மதியம் மெஸ் பக்கமே போகவில்லை. ஞாயிறு ராத்திரி 14-வது எபிசோடும் முடிந்தது. நேராகப் போய்க் கதவைத் தட்டி, "அடுத்த சீசன் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" என்றேன். கொசுவலைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "அவ்ளோதான் மாப்ள" என்றான். இதைச் சொல்வதற்காகவே ரெண்டு நாள் காத்திருந்தான் போல, அப்படி ஒரு சிரிப்பு.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2002 செப்டம்பரில் தொடங்கும்போதே வரிசையைக் கலைத்திருக்கிறார்கள். யார் யார் என்று அறிமுகம் செய்யும் இரண்டு மணி நேர முதல் கதையை ஒதுக்கிவிட்டு, ரயில் கொள்ளை எபிசோடை முன்னால் போட்டார்கள். அந்த முதல் கதை வந்தது டிசம்பர் 20-ல், கடையைக் கட்டுகிற நேரத்தில். பந்தியில் முதலில் மோரை ஊற்றிவிட்டு, இலையை மூடும்போது சாம்பார் வாளியோடு வந்த மாதிரி. எடுத்த 14-ல் 11 தான் அப்போது ஒளிபரப்பானது. 2005-ல் 'செரினிட்டி' என்று சினிமாவாக வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஆளைக் கொன்றுவிட்டார்கள், அது தனி வழக்கு.

கடலைமிட்டாய்:
உங்களுக்காவது சினிமா வந்தது. நான் 'ஜெரிக்கோ' கட்சி. அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தனித்து விடப்பட்ட ஒரு சின்ன அமெரிக்க ஊரின் கதை. 2007-ல் முதல் சீசனோடு ரத்து. கடைசிக் காட்சியில் சரணடையச் சொல்லும் பக்கத்து ஊர்க்காரனுக்கு ஹீரோ சொல்லும் பதில், 'நட்ஸ்'. நேர் அர்த்தம் கடலை, கொட்டை; இங்கே 'போடா, முடியாது' என்கிற மாதிரி. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊரில் முற்றுகைக்குள் சிக்கிய அமெரிக்கத் தளபதி ஜெர்மானியர்களுக்கு அனுப்பிய அதே ஒற்றைச் சொல். ரசிகர்கள் அதையே பிடித்துக்கொண்டு சேனல் அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்ப ஆரம்பித்தார்கள். 20 டன் அளவுக்குப் போய்ச் சேர்ந்தது! சேனலும் இறங்கிவந்து 7 எபிசோடு கொடுத்தது. 2008-ல் அது முடிந்ததும் மறுபடி ரத்து. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு நான் எத்தனை மூட்டை அனுப்ப முடியும்? ஒரு மெயில் போட்டேன். பதில் இல்லை.

பெயர் வேண்டாம்:
எனக்கு இங்கிலீஷ் தொடரெல்லாம் பழக்கமில்லை. இது எங்கள் அம்மா கதை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றதே, அப்போது அம்மா பார்த்துக்கொண்டிருந்த ராத்திரி சீரியலில் கதாநாயகியைப் பிரசவத்துக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். அத்தோடு சரி. மற்ற சீரியல்கள் திரும்பி வந்தன, இது வரவில்லை. கிளைமாக்ஸ் என்று ஒப்புக்கு ஒரு எபிசோடு கூடக் கிடையாது, அந்த நேரத்துக்கு வேறு புதுசு. ஆறு மாதம் அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "அந்தப் பொண்ணுக்குக் குழந்தை பொறந்துச்சா, இல்லையா?"

கடைசியில் அம்மாவும் சித்தியும் போனிலேயே கதையை முடித்தார்கள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். வில்லி நாத்தனாரை சித்தி ஜெயிலுக்கு அனுப்பினார். அம்மாவோ, "பாவம், மன்னிச்சு விட்ருவோம்" என்றார். இதனால் ரெண்டு நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடலைமிட்டாய்:
எங்கள் வீட்டில் தலைகீழ். ஆயிரம் எபிசோடு தாண்டியும் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்.

ராத்திரி ஆந்தை:
'மைண்ட்ஹன்டர்' பார்த்தவர்கள் யாராவது? தொடர் கொலைகாரர்களின் மனதைப் படிக்கும் எஃப்.பி.ஐ. போலீஸ்காரர்கள் கதை. ரெண்டு சீசனிலும் கான்சாஸ் மீசைக்காரர் ஒருவரை, நிஜத்தில் இருந்த ஒரு தொடர் கொலைகாரனை, அவ்வப்போது காட்டிக்கொண்டே இருப்பார்கள். பெரிதாக வசனம் இருக்காது, ஆனால் வயிற்றைப் பிசையும். இவன் எப்போது மாட்டுவான் என்று காத்திருந்தால், 2019-க்குப் பிறகு சீசனே இல்லை. ஆகும் செலவுக்குப் பார்க்கிற ஆட்கள் போதவில்லை என்று அதன் இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரே சொல்லிவிட்டார். பொறுக்க முடியாமல் நிஜக் கதையைத் தேடிப் படித்தேன். அவன் பிடிபட்டது 2005-ல், ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கால். ஃபிளாப்பியில் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீஸிடமே கேட்டிருக்கிறான். முடியாது என்று அவர்கள் சொன்னதை நம்பி அனுப்பி, மாட்டிக்கொண்டான். இந்தக் காட்சியை எடுக்காமல் விட்டார்களே பாவிகள்!

இப்போதெல்லாம் முழுசாக முடிந்த தொடர் என்றால்தான் தொடுவது.

திண்ணைவாசி:
எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் வந்த புதிதில் பார்க்க ஆளே இருக்காது. அதையே காரணம் காட்டி ஊற்றி மூடுவான். நானும் அப்படித்தான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

பெயர் வேண்டாம், குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

பெயர் வேண்டாம்:
அம்மா யாழினி என்கிறார். சித்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.