'ஸ்கிப் இன்ட்ரோ'வுக்குத் தமிழ்: 'தவிர்' வேண்டாம், 'தாண்டு' போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

காணொளிகளின் மெதுவான தொடக்கத்தை விட்டுவிட்டு நேரே உள்ளே செல்வதற்கு, அதாவது 'ஸ்கிப்' செய்வதற்கு, கணினிக் கலைச்சொற்களைப் பற்றிய நம் உரையாடலில் இதுவரை 'தவிர்', 'தாவு', 'கட', 'விடு' ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. 'தவிர்' ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது, ஆகவே அதையே உறுதிசெய்யலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ('வீடியோ'வுக்குக் காணொளியா, காணொலியா, விழியமா, நிகழ்படமா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

சொல்லைத் தேடும் முன் செயலைப் பார்ப்போம். வி.சி.ஆர். இருந்த நாளில் பாட்டு வந்தால் 'ஓட்டிவிடு' என்றோம். அது மிகச் சரியான சொல். ஏனென்றால் நாடா உண்மையிலேயே ஓடியது. வேண்டாத பகுதி முழுவதும் ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேண்டிய இடம் வந்தது. இன்று திரையின் வலப்பக்கம் இருமுறை தட்டினால் யூடியூப் பத்து விநாடி முன்னே போகிறது. கணினியில் வலது அம்புக்குறி விசையை அழுத்தினால் ஐந்து விநாடி. நெடுந்தொலைவு முன்னே சென்றால், ஏற்கெனவே தரவிறங்கியதைத் தவிர இடையிலுள்ள பகுதி நம் கருவிக்கு வருவதே இல்லை; காணொளியைக் காட்டும் இயக்கி ('பிளேயர்'), வழங்கியிடம் ('சர்வர்') அடுத்த துண்டைத்தான் கேட்டு வாங்குகிறது. ஆகவே 'ஓட்டு' என்ற சொல்லை வேகமாக ஓட்டிப் பார்ப்பதற்கு அப்படியே வைத்துக்கொள்வோம். நமக்கு இப்போது வேண்டியது, இடைப்பகுதியைத் தொடாமலே அப்பால் போய் நிற்பதைக் குறிக்கும் சொல்.

'தவிர்' அதைக் குறிக்கவில்லை. எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்க்கச் சொல்கிறார் மருத்துவர். அங்கே அறவே ஒதுக்குதல்தான் பொருள், ஒன்றைக் கடந்து மற்றொன்றை அடைதல் என்ற குறிப்பு அதில் இல்லை. இன்னும் பெரிய சிக்கல் வழிச்சொற்களில் வருகிறது. யூடியூப் 2010 டிசம்பரில், ஐந்து விநாடிக்குப் பிறகு பார்ப்பவர் விலக்கிக்கொள்ளக்கூடிய விளம்பரங்களைக் கொண்டுவந்தது. அவ்வகையைத் 'தவிர்க்கக்கூடிய விளம்பரம்' என்றால், போடாமலே இருந்திருக்கலாம் என்ற பொருள் முந்திக்கொண்டு வருகிறது. மற்ற வகையைத் 'தவிர்க்க முடியாத விளம்பரம்' என்று எழுதினாலோ, 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்ற அறிவிப்புத் தொடரின் வாடை அடிக்கிறது. 'தாண்டத்தகு விளம்பரம்', 'தாண்டவியலா விளம்பரம்' என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'தாவு' அழகான சொல்தான். ஆனால் அதன் பெயர்வடிவமான 'தாவல்' கணினித் தமிழில் உலாவியின் 'டேப்' என்ற பொருளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. 'கட' என்பதிலிருந்து தொழிற்பெயர் ஆக்கப் போனால் 'கடத்தல்' வந்து நிற்கும். அது வேறு துறைக்குரியது. 'விடு' எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சுட்டாது.

'தாண்டு' என்பதில் கடக்கப்படும் பொருளும் சென்று சேரும் இடமும் ஒருங்கே இருக்கின்றன. 'நாலு பக்கம் தாண்டிப் படி' என்று இப்போதும் வீட்டில் சொல்கிறோம், யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 'சேமி', 'நீக்கு', 'திற' போல ஏவல் வடிவிலேயே பொத்தானில் பொறிக்கலாம். 'நீளம் தாண்டுதல்', 'உயரம் தாண்டுதல்' என்று விளையாட்டில் வழங்குவதைத் தடையாகச் சுட்டிய நண்பருக்கு என் மறுமொழி: அந்த வழக்குதான் இச்சொல்லுக்குத் துணை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பொருளிலேயே நாம் அதைக் கையாள்கிறோம்.

அடுத்தது, எதைத் தாண்டுகிறோம் என்பது. இங்கேதான் நாம் அவசரப்படக்கூடாது என்று நினைக்கிறேன். 'இன்ட்ரோ' என்ற ஒரே பெயரின் கீழ்ப் பல வேறு பொருள்கள் கிடக்கின்றன. குக்கரின் பாதுகாப்பு வால்வை மாற்றுவது எப்படி என்று ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அலைவரிசையின் சின்னம் சுழன்று வந்து இசையோடு நிற்கிறது, பிறகு வணக்கம், பிறகு பின்னால் வரப்போவதிலிருந்து வெட்டிய சில காட்சிகள், பிறகு குழுசேரவும் மணிப் பொத்தானை அழுத்தவும் வேண்டுகோள், பிறகு அந்தக் குக்கர் வாங்கப்பட்ட கதை, பிறகு ஆதரவளித்த நிறுவனத்தின் புகழ். வால்வு கையில் தென்படும்போது மூன்று நிமிடம் கழிந்திருக்கிறது; பின்னூட்டத்தில் ஒரு புண்ணியவான் '3:10இல் விஷயம் தொடங்குகிறது' என்று எழுதிவைத்திருக்கிறார். ஸ்பான்சர்பிளாக் என்ற உலாவி நீட்சியில் ('எக்ஸ்டென்ஷன்'), பயனர்கள் இத்தகைய பகுதிகளை வகைபிரித்துக் குறித்துத் தருகிறார்கள். தொடக்க அசைவோவியம், ஆதரவாளர் பகுதி, குழுசேரச் சொல்லும் நினைவூட்டல், முன்னோட்டம் ஆகியவை தனித்தனி வகைகள். அதைத் தமிழாக்க முனைபவருக்கு ஒரே சொல் போதாது.

தொடர்களில் வரும் 'முன்பு நடந்தவை'க்கு நாம் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை. வார இதழ்த் தொடர்கதைகள் 'முன்கதைச் சுருக்கம்' என்று பெயரிட்டுத் தந்துவிட்டன. தலைப்பும் இசையும் பெயர்ப்பட்டியலும் வரும் பகுதிக்கு 'தோற்றுவாய்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் 2017இல் கொண்டுவந்த 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தான் இதைத் தாண்டுவதற்கானது. அதை ஒரு நாளில் 13.6 கோடி முறை அழுத்துகிறார்கள் என்று 2022இல் அந்நிறுவனமே தெரிவித்தது. இவ்வளவு பேர் விரல் படும் பொத்தானில் எழுதப்படும் சொல் குறுகியதாகவும் யாரையும் பழிக்காததாகவும் இருக்கவேண்டும். 'தோற்றுவாய் தாண்டு' அப்படி இருக்கிறது.

நூலின் முன்னுரையைக் குறிக்கும் 'பாயிரம்' என்ற சொல்லையே இதற்கும் வைக்கலாம் என்ற பரிந்துரையை நான் மறுப்பதற்குக் காரணம் அச்சொல்லின் மீதுள்ள மதிப்புத்தான். இலக்கண நூலான நன்னூல் தன் பாயிரத்தின் முதல் நூற்பாவிலேயே முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று பெயர்களை அடுக்குகிறது. அதே நூல் சிறப்புப் பாயிரத்துக்கு வகுக்கும் இலக்கணத்தில் ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள் (நூல் எடுத்துச்சொல்லும் பொருள்), கேட்போர், பயன் முதலியன இடம்பெறுகின்றன. குக்கர்க் காணொளியின் மூன்று நிமிடத்தில் நுதலிய பொருளும் இல்லை, கேட்போர் யார் என்ற கவலையும் இல்லை. அவற்றை அரை நிமிடத்தில் சொல்லியிருந்தால் யாரும் தாண்டியிருக்க மாட்டார்கள். நல்ல பாயிரம் செய்யும் வேலையைச் செய்யாத ஒன்றுக்கு அதன் பெயரைத் தரவேண்டாம்.

குக்கர்க் காணொளியில் கண்டது போன்ற நீண்ட தொடக்கத்துக்கு 'முன்னிழுவை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'படம் ஒரே இழுவை' என்பது எல்லோரும் அறிந்த வழக்கு; முன் வந்த இழுவை முன்னிழுவை. இதில் குறைகூறும் தொனி உண்டு, ஆகவே இது பொத்தானுக்கு ஆகாது. பயனர்கள் குறிக்கும் வகைப்பெயராகவும் கட்டுரைகளிலும் இருக்கட்டும். அந்தத் தொனி நியாயமானதும்கூட. யூடியூப் 2012இல் பரிந்துரைகளுக்குப் பார்வை எண்ணிக்கையைவிடப் பார்க்கப்பட்ட நேரத்தை முதன்மையாகக் கொள்ளத் தொடங்கியது. காணொளியின் நடுவே விளம்பரம் போடுவதற்குரிய குறைந்தபட்ச நீளத்தை 2020 ஜூலையில் பத்து நிமிடத்திலிருந்து எட்டு நிமிடமாகக் குறைத்தது. நாலு நிமிடச் செய்தியை எட்டுக்கு இழுப்பதால் வருமானம் கூடுமென்றால், இழுப்பதற்குத் தொடக்கம் வசதியான இடம். காரணத்தோடு பிறக்கும் ஒன்றுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

இனி முடிவுசெய்யவேண்டியது அமைப்புப் பக்கத்தில் ('செட்டிங்ஸ்') வரும் தேர்வு. பயனர் அழுத்தாமலே மென்பொருள் தாண்டிச் செல்வதைத் 'தானாகத் தாண்டு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. 'தன்தாண்டல்' என்று ஒட்டினால் தன்னையே தாண்டுவதுபோல் ஆகிவிடும். மாற்றுக்கருத்து உடையவர்கள், தங்கள் சொல்லை 'விளம்பரம்', 'தோற்றுவாய்' இரண்டோடும் சேர்த்து எழுதிக் காட்டி வாதிடுமாறு வேண்டுகிறேன்.