"நான் செஞ்சதாலதான்!" என்று குழந்தை உணர்ந்த தருணங்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தஞ்சை டீச்சர்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வயதில் "உன்னால் எல்லாவற்றையும் மாற்ற முடியும்" என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். தான் செய்த காரியத்தின் பலனைத் தன் கண்ணால், அதுவும் சீக்கிரமே பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வருகிறது. எங்கள் வகுப்பில் அதற்குக் கைகொடுத்தது கொசுப்புழு.

ஐப்பசி மழை பிடித்ததும் ஊரில் டெங்கு பேச்சும் வந்துவிடும். பள்ளிக்குப் பின்னால் கிடந்த ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துவந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு கை தண்ணீர்தான், அதற்குள் அத்தனை புழு நெளிந்தது. மேலே கையைக் கொண்டுபோய் நிழல் விழச் செய்தால் எல்லாம் சட்டென்று அடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். பிள்ளைகள் இதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அப்புறம் பாதியைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, வாயில் வலைத்துணியை இரண்டாக மடித்து இறுகக் கட்டி ஜன்னலில் வைத்தேன். மீதியை வெயில் படும் தரையில் கொட்டச் சொன்னேன்.

கொட்டியது அன்றே முடிந்தது. பாட்டிலில் இருந்தவை சில நாளில் காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்களாகி, பிறகு கொசுவாகி வலைத்துணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தன. காலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. அதைப் பார்த்து ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "டீச்சர், நாம அன்னிக்குக் கீழ கொட்டினோமே, அதுவும் இப்படித்தான் ஆகியிருக்குமா?"

நான் காத்திருந்த கேள்வி அது. நடக்காமல் போன ஒன்றைக் குழந்தைக்குக் காட்டுவது மிகவும் கஷ்டம். "நீ தண்ணியைக் கொட்டினதால யாருக்கும் காய்ச்சல் வரலை" என்றால் அதற்கு ஆதாரம் எங்கே? அந்த பாட்டில்தான் ஆதாரமாக நின்றது. (கொசுக்களைப் பாட்டிலுக்குள்ளேயே சாகவிட்ட பிறகுதான் திறந்தேன். செய்து பார்ப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள்.)

முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதும். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை எப்படியும் வீடு கழுவுவார்கள், அதோடு சேர்த்துவிட்டோம். பிள்ளைகள் கண்டுபிடித்து வந்து சொன்ன இடங்கள் பெரியவர்களுக்கே தோன்றாதவை: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மாடியில் கிடக்கும் டயர், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி.

ஒரு பையன் வீட்டுக் கொல்லையில் யாரும் பயன்படுத்தாத ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்க்க முடியாது. தண்ணீரை இறைத்தாலும், "மழை பேஞ்சா மறுபடியும் ரொம்பத்தான்டா போவுது" என்று அவன் அப்பாயி சொல்லிவிட்டார். அவன் யோசித்து, குழி நிறைய மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டான்! இதை நான் சொல்லித்தரவில்லை. டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தபோது, "யாரு தம்பி மண்ணைப் போட்டது?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அவன் முதலில் சொன்னதே அதைத்தான். நான் நூறு முறை பாராட்டியிருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிக்கொடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். டெங்கு கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டினாற்போல முட்டையிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் கெடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த உணர்வு எப்படி வந்தது? எழுதுங்கள்.

கொட்டிவாக்கம் அப்பா

டீச்சர், உங்கள் பாட்டில் அருமை. எங்கள் கதையில் அப்படி ஒரு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். தை, மாசியில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். இங்கே மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து 1988 முதல் இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காவல் காக்கிறார்கள். குஞ்சு வெளியே வர 45 நாளுக்கு மேல் ஆகும். சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க மகளை பெசன்ட் நகருக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர், போன் லைட்டை அணைக்கச் சொல்லிக் காரணமும் சொன்னார். ஆமைக்குஞ்சு எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் போகும். விளக்கே இல்லாத கரையில் இரவில் வெளிச்சமாகத் தெரிவது கடல். தெருவிளக்கு எரிந்தால் அது ரோட்டைப் பார்த்து நடக்கும். மகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டாள். எங்கள் அபார்ட்மென்ட் மாடியில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஃபோகஸ் லைட் உண்டு. ஆமைக்குட்டி ரோட்டில் போவது போலப் படம் வரைந்து, "லைட்டை அணைங்க அங்கிள்" என்று எழுதி லிஃப்டுக்குள் ஒட்டினாள். செக்ரட்டரி மனுஷர் நல்லவர். சித்திரை முடியும்வரை அந்த லைட் எரியவில்லை.

அதனால் ஒரு குஞ்சாவது பிழைத்ததா? சொல்ல வழியில்லை. அவளிடமும் அப்படித்தான் சொன்னேன். "உறுதியாத் தெரியாது பாப்பா, ஆனா நம்ம லைட்டைப் பார்த்து எதுவும் ரோட்டுக்கு வந்திருக்காது." அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

கஷ்டமான கட்டம் 2025 ஜனவரியில் வந்தது. சென்னைக் கரையில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. காலையில் நடக்கப் போனபோது அவளும் பார்த்துவிட்டாள். "நாம லைட்டை அணைச்சோமேப்பா, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று கேட்டாள்.

பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் குழந்தைக்குத் தன் கை எதுவரை எட்டும் என்பதும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். கரையில் உட்கார்ந்து சொன்னேன். ஆமைக்கு நம்மை மாதிரி நுரையீரல், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் செத்துப்போகும். ஆமை வெளியேற வழி வைத்த வலை இருக்கிறது, அதைப் போட வைப்பது பெரியவர்களும் அரசாங்கமும் செய்ய வேண்டிய வேலை. லைட் உன் வேலை, அதை நீ சரியாகச் செய்தாய். மீனவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்பதால், ஆமை சிக்கினால் வலையை அறுத்து அதைக் கடலில் விடுகிறவர்கள் அவர்களில் இருப்பதையும் சொன்னேன்.

இந்த வருஷமும் தை பிறந்ததும் புதுப் படம் லிஃப்டில் ஏறிவிட்டது.

மதுரைக்காரி

எங்கள் அம்மா ஊர் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கம். கொள்ளுகுடிப்பட்டியில் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கண்மாய் மரங்களில் கூடு கட்டும், சத்தம் கேட்டால் போய்விடும் என்பதற்காக. வனத்துறை அதற்கு நன்றியாக ஊராருக்கு இனிப்பு கொடுப்பது வழக்கம்.

டவுனில் வளரும் என் பையன் தீபாவளிக்கு அங்கே போய், வெடி இல்லை என்றதும் ஒரே அழுகை. மறுநாள் விடியும் நேரம் அத்தை மகன் அவனைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய், "பாருடா, நேத்து நீ வெடிக்கலைல, அதான் எல்லாம் அப்படியே உக்காந்திருக்கு" என்று காட்டியிருக்கிறான். அவனுக்கே எட்டு வயதுதான்! ஒரு குழந்தை இன்னொரு குழந்தையிடம் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு நம் பேச்சுக்கு இல்லை. ஒன்றைச் செய்யாமல் இருப்பதும் ஒரு செயல்தான் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிகிறது.

உடன்குடி பெரியம்மா

பனை விதை நடுவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பனை மரமாகிக் காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். ஐந்து வயதுப் பிள்ளை அதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்? குளத்தங்கரையில் விதை போட்டுவிட்டு வந்தால் அடுத்த வாரமே மறந்துவிடும்.

நான் என் தங்கை பேரப்பிள்ளைகளோடு புரட்டாசியில் விதை ஊன்றும்போது, பாதியைக் குளத்தங்கரையிலும் பாதியைக் கொல்லையில் மணல் மேட்டிலும் போடச் சொல்வேன். கொல்லையில் போட்டது பொங்கலுக்குக் கிழங்காகிவிடும். தோண்டி, அவித்து, அவர்களே தின்பார்கள். அப்போது, "குளத்தங்கரையிலயும் இதே மாதிரி மண்ணுக்குள்ள வேர் விட்டிருக்கும்ல பாட்டி?" என்ற கேள்வி தானாக வரும். கையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பலன் தூரத்தில் இருக்கிற காரியத்துக்குப் பக்கத்திலேயே சீக்கிரம் பலன் தருகிற ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.

தஞ்சை டீச்சர்

பெரியம்மா, இந்தப் புரட்டாசிக்கே செய்துவிடுகிறோம்.

கொட்டிவாக்கம் சார், உங்கள் மகள் கேட்ட கேள்வி என் வகுப்பிலும் வந்தது. ஆட்டுக்கல்லில் மண் போட்ட பையனின் தங்கைக்கே டெங்கு வந்துவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் தேறி வந்தாள். ஆனால் அவன் முகம் வாடிப்போய், "எல்லாத்தையும் கவுத்தேனே டீச்சர், எதை விட்டுட்டேன்?" என்று கேட்டான். "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொடுக்கும்போது, "என்னாலதான் இப்படி ஆச்சு" என்ற பயமும் கூடவே வரக்கூடும். அதை நாம் கவனிக்காமல் விடக் கூடாது.

அவனை உட்காரவைத்து, இந்தக் கொசு பகலில் கடிக்கிற கொசு என்று சொன்னேன். பகலில் தங்கை எங்கே இருப்பாள் என்று கேட்டேன். அங்கன்வாடியில். கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும், அதனால் அங்கேயும் கடித்திருக்கலாம், பக்கத்து வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். "உன் வீட்டை நீ பார்த்துக்கிட்ட. மத்த இடத்தை யாரும் பார்க்கலை" என்றேன்.

அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுவிட்டு வகுப்போடு போனோம். ஓரமாகக் குவித்து வைத்திருந்த உடைந்த பொம்மை வாளிகளில் தண்ணீர் நின்றது, புழுவும் இருந்தது. பிள்ளைகளே கொட்டித் தேய்த்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அங்கேயும் ஒரு நடை போய் வருகிறோம். மூன்றாம் வகுப்பு டீச்சர் தன் பிள்ளைகளோடு குழாயடித் தெருவை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஒவ்வொரு தெருவிலும் பார்க்க வேண்டிய இடங்களைப் படமாக வரைந்து கொடுக்க என் வகுப்பில் ஆரம்பித்திருக்கிறார்கள்.