கிரிஃபித்தால் மறுத்திருக்க முடியுமா?

'பெர்செர்க்' என்ற ஜப்பானிய அனிமே பார்த்தவர்கள் உதவ வேண்டும். கிரகண வேளையில் கிரிஃபித் தான் தலைமை தாங்கும் பருந்துப் படையையே பலி கொடுக்கிறானே, அந்த இடத்தில் மூன்று வாரமாகச் சிக்கிக் கிடக்கிறேன்.

1997இல் வந்த 25 அத்தியாயங்களை இருமுறை பார்த்துவிட்டேன். 2012, 2013இல் வந்த மூன்று படங்களும் முடிந்தன (சண்டைகள் பிரமாதம், ஆனால் அந்தப் படையின் வீரர்களான கட்ஸும் காஸ்காவும் நெருங்கும் விதம் பழைய தொடரில்தான் மனத்தில் நிற்கிறது). ஓராண்டுச் சித்திரவதையில் நாக்கும் தசைநார்களும் அறுபட்டு, வாள்கூடப் பிடிக்க முடியாதவன் கிரிஃபித். கட்ஸ் படையை விட்டுப் பிரிந்து போனதே பலிக்குக் காரணம் என்கிறான் என் நண்பன். எனக்கு அது போதவில்லை. பலியைக் கேட்கும் 'காட் ஹேண்ட்' எனும் அமானுஷ்ய சக்திகள் நால்வர் வந்து எல்லாம் விதி என்கிறார்கள். பிறகு அவன் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். விதியென்றால் சம்மதம் எதற்கு?

அவனுக்கு மறுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்தது என்று காட்டும் காட்சி எது?