உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: நேர்காணல் போகப் போக சிங்க் விலகுது, ப்ராஜெக்ட் கொடுக்க 4 நாள்தான் இருக்கு

மீடியா மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். மீடியா புரொடக்‌ஷன் பாடத்துக்காக 6 நிமிட ஆவணப்படம் எடுக்கிறேன். கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற ஒரு பெரியவரோட நேர்காணல்தான் அதில் முக்கியம். ஃபோனை ஸ்டாண்டில் வெச்சு ஒரே ஷாட்டா 18 நிமிடம் எடுத்தேன். காலர் மைக்கை இன்னொரு ஃபோனில் சொருகி ஒலியைத் தனியா பதிவு பண்ணினேன்.

எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஆரம்பம் அச்சு அசலா பொருந்துது. போகப் போக விலகுது. கடைசியில் அவர், "இந்தக் கை நடுங்க ஆரம்பிச்ச அன்னைக்குக் கடையை மூடிடுவேன்"னு சொல்ற இடம்தான் என் படத்துக்கே உயிர். அங்கே அவர் பேசி முடிச்சு, வாயை மூடித் தலையைக் குனிஞ்ச பிறகுதான் "மூடிடுவேன்" கேட்குது.

திரும்ப எடுக்கச் சொல்லாதீங்க. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைஞ்சது. இன்னொரு தடவை அதையே சொல்லுங்கன்னு அவர்கிட்ட போய்க் கேட்க எனக்கு மனசு வராது.

இன்னொரு கவலையும் இருக்கு. படத்தோட தயாரிப்புக் குறிப்பேடும் கொடுக்கணும். "உங்கள் டிஜிட்டல் தொழில்நுட்பத் திறன் எப்படி வளர்ந்தது" என்று அதில் ஒரு பகுதி, மதிப்பெண்ணும் அதுக்குக் கணிசம். எல்லாம் தப்பாப் போயிருக்கும்போது அங்கே என்னத்தை எழுதுறது?

கட்டிங் தம்பி:
இது ரொம்ப சுலபம். ஒலியைத் தனியா பிரிச்சு, முடிவு பொருந்துற வரைக்கும் வேகத்தை 99.9 சதவீதம் மாதிரி லேசா மாத்துங்க. நான் எப்பவும் அப்படித்தான் பண்றேன்.

மீடியா மாணவி:
பண்ணிப் பார்த்தேன் அண்ணா. படம் முந்திப் போறதால ஒலியைக் கொஞ்சம் வேகப்படுத்தினேன். கடைசி வார்த்தை பொருந்திடுச்சு, ஆனா நடுவில் முன்னைவிட மோசம். முன்னாடி குரல் பிந்தி வந்த இடத்தில் இப்போ முந்திக்கிட்டு வருது.

ஒலிக்காரர்:
தங்கச்சி, எதையும் மாற்றாதீங்க. முதலில் அளந்து பார்ப்போம். வேகத்தை மாற்றியதை அன்டூ செய்து பழையபடி ஆக்கிவிட்டு மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, காலர் மைக் ஒலியை மூடிவிட்டு, படம் எடுத்த ஃபோனில் தானாகப் பதிவான ஒலியை மட்டும் கேளுங்கள். அதுவும் விலகுகிறதா? இரண்டாவது, அதே கோப்பை எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, சாதாரண வீடியோ பிளேயரில் போட்டு அந்தக் கடைசி இடத்தைப் பாருங்கள். மூன்றாவது, 1, 6, 12, 18-வது நிமிடங்களை ஒட்டி எத்தனை ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) விலகல் என்று எண்ணுங்கள். எண்ணுவதற்கு ப, ம வருகிற வார்த்தையாகப் பிடியுங்கள். அந்த எழுத்துகளுக்கு உதடு ஒட்டியே ஆக வேண்டும், அதனால் ஒட்டுகிற ஃபிரேம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். உங்களுடைய "மூடிடுவேன்" இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது.

காலர் மைக் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகி, மென்பொருள் அதை 48 என்று எடுத்துக்கொண்டிருந்தால் குரலே கீச்சென்று மாறியிருக்கும், 18 நிமிடம் பதினாறரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இல்லை.

மீடியா மாணவி:
எல்லாம் பார்த்துட்டேன். படம் எடுத்த ஃபோனோட சொந்த ஒலியே விலகுது! ஆனா வெளியே பிளேயரில் போட்டா கடைசி வரைக்கும் சரியா இருக்கு. எனக்குத் தலை சுத்துது.

1-வது நிமிடம்: 0 ஃபிரேம். 6-வது: 2. 12-வது: 9. 18-வது: 41. எல்லா இடத்திலும் படம் முந்துது, குரல் பிந்துது. எடிட்டிங் டைம்லைன் விநாடிக்கு 30 ஃபிரேம். இன்னொண்ணு, கிளிப்போட கடைசியில் படம் முடிஞ்ச பிறகும் ஒரு விநாடிக்கு மேல ஒலி மட்டும் ஓடுது.

ஒலிக்காரர்:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். இந்த நான்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. உறுதி செய்துகொள்ள ஒன்றே ஒன்று: மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) பற்றிய வரிகளை அப்படியே எழுதுங்கள்.

மீடியா மாணவி:
ஃபிரேம் ரேட் மோட்: வேரியபிள். ஃபிரேம் ரேட்: 29.962. மினிமம் 23.98, மேக்ஸிமம் 30.12. நீளம் சரியா 18 நிமிடம் 0 விநாடி.

ஒலிக்காரர்:
கண்டுபிடித்தாயிற்று. உங்கள் ஃபோன் விநாடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் எப்போதும் 30 எடுக்கவில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அப்போது ஃபிரேம் எண்ணிக்கை குறையும். எந்த ஃபிரேம் எந்த நொடியில் காட்டப்பட வேண்டும் என்று கோப்புக்குள் நேரக்குறிப்பு இருக்கிறது. பிளேயர் அதைப் பார்த்து ஓட்டுவதால் அங்கே சரியாக இருக்கிறது. உங்கள் டைம்லைனில் அந்த நேரக்குறிப்பு எடுபடவில்லை, ஃபிரேம்களை விநாடிக்கு 30 என்று வரிசையாக அடுக்கியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 நிமிடம் என்றால் 1,080 விநாடி. விநாடிக்கு 30 வீதம் 32,400 ஃபிரேம் இருக்க வேண்டும். 29.962 வீதம் உங்களிடம் இருப்பது 32,359. பற்றாக்குறை 41. நீங்கள் "மூடிடுவேன்" இடத்தில் கையால் எண்ணியதும் 41.

வேகத்தை மாற்றிய வைத்தியம் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில் தெரியும். விலகல் சீராக ஏறியிருந்தால் 12-வது நிமிடத்தில் 27 ஃபிரேம் இருந்திருக்கும். உங்களுக்கு இருப்பது 9. முடிவுக்காகச் செய்த திருத்தம் அங்கே 18 ஃபிரேம் அதிகம், அதனால்தான் குரல் முந்தியது. கடைசி 6 நிமிடத்தில் மட்டும் 32 ஃபிரேம் தொலைந்திருக்கிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் குறைந்ததா?

மீடியா மாணவி:
ஆமா! ஜன்னல் வெளிச்சத்தில்தான் எடுத்தேன், சாயங்காலம். கடைசியில் முகம் கொஞ்சம் இருட்டாவே இருக்கும். எனக்கு அந்த இருட்டு பிடிச்சதால விளக்கு போடாமல் விட்டேன்.

கட்டிங் தம்பி:
என் யோசனையால உங்க நேரம் வீணாயிடுச்சு, மன்னிச்சிருங்க. என் கிளிப் எல்லாம் ரெண்டு மூணு நிமிடம்தான், அதனால எனக்கு இது தெரியவே இல்லை.

ஒலிக்காரர்:
தம்பி சொன்னதும் சரியான வைத்தியம்தான், நோய்தான் வேறு. இரண்டு கருவிகளின் கடிகாரம் வேறு வேறு வேகத்தில் ஓடுவதால் வரும் விலகலுக்கு அது பொருந்தும். அந்த விலகல் சீராக ஏறும்.

இப்போது தீர்வு. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம், அதைப் போட்டு, இந்தக் கோப்பை எப்போதும் 30 ஃபிரேம் ஓடும் புதிய கோப்பாக மாற்றுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 30 ஆக்கி, கீழே "கான்ஸ்டன்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "பீக்" என்று இருந்தால் பயனில்லை. பலரும் தவறுவது இங்கேதான். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எச்.264. தர எண் குறையக் குறையத் தரம் கூடும், 16 அல்லது 18 வையுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. மூலக் கோப்பை அழிக்காதீர்கள், அதை வேறு டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அந்தப் பெரியவரின் பேச்சுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி.

மீடியா மாணவி:
ஏற்கெனவே 38 கட் போட்டிருக்கேனே, அத்தனையும் திரும்பப் போடணுமா?

ஒலிக்காரர்:
வேண்டாம். முதலில் டைம்லைனை நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். பிறகு பழைய கிளிப்புக்குப் பதிலாகப் புதிய கோப்பை ரீலிங்க் செய்யுங்கள், அதாவது கட்டுகளை மாற்றாமல் அவற்றைப் புதிய கோப்போடு இணையுங்கள். யோசித்துப் பாருங்கள்: இத்தனை நாளும் ஒலி சரியான நேரத்தில்தான் இருந்தது, படம்தான் முந்தியது. அதனால் காதால் கேட்டுப் போட்ட கட் எல்லாம் அப்படியே நிற்கும், படம் வந்து அதனிடத்தில் உட்காரும். கை அசைவு, பார்வை என்று கண்ணால் பார்த்துப் போட்ட கட்டுகளை மட்டும் சரிபாருங்கள், முக்கியமாக 12-வது நிமிடத்துக்குப் பிந்தியவை. நீங்களாக ஒலியை நகர்த்திய இடங்கள் இருந்தால் அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மீடியா ஆசிரியை:
நான் இந்தப் பாடம் நடத்துகிறவள். படத்தை அவர் காப்பாற்றிவிட்டார், குறிப்பேட்டைப் பற்றி நான் சொல்கிறேன். இப்போது எழுதி வைத்திருப்பதை இங்கே போடும்மா.

மீடியா மாணவி:
வெட்கமா இருக்கு மேடம். "இந்தப் படத்தின் மூலம் எடிட்டிங் மென்பொருளை நன்கு கற்றுக்கொண்டேன். பல சவால்களைச் சந்தித்து அவற்றை வென்றேன். என் தொழில்நுட்பத் திறன் பெரிதும் வளர்ந்தது."

மீடியா ஆசிரியை:
இதில் உன்னுடையது என்று எதுவும் இல்லை. பெயரை மாற்றினால் வகுப்பில் யார் குறிப்பேட்டிலும் ஒட்டிவிடலாம். வருடா வருடம் இந்த மூன்று வாக்கியங்களைப் படித்துப் படித்து எனக்கு வருத்தமாக இருக்கிறது. நன்றாக வேலை செய்த பிள்ளைகளும் இதையே எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள்.

நீ மேலே கொடுத்த நான்கு எண்களை ஒரு சிறு அட்டவணையாகப் போடு. பக்கத்தில் மீடியாஇன்ஃபோ ஸ்கிரீன்ஷாட் ஒன்று, "மூ" சொல்லும் ஃபிரேம் திருத்துவதற்கு முன்னும் பின்னும். முதலில் என்ன நினைத்தாய், எந்த வழி தோற்றது, ஏன் தோற்றது என்று எழுது. வேகத்தை மாற்றித் தோற்றதை மறைக்காதே. அது ஏன் பலிக்கவில்லை என்று 27-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து உன்னால் விளக்க முடிந்தால், மதிப்பிடுகிறவர் உன் திறனைத் தேட வேண்டியதே இல்லை. அடுத்த முறை என்ன செய்வாய் என்பதையும் செயலாக எழுது: ஃபிரேம் ரேட்டைப் பூட்டக்கூடிய கேமரா செயலி, வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமைக் குறைக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைப்பது, ஒலியையும் படத்தையும் பொருத்திப் பார்க்கத் தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு.

அந்த இருட்டு உனக்குப் பிடித்தது என்றாயே, அதையும் எழுது. அது நீ எடுத்த கலை முடிவு. அதன் தொழில்நுட்ப விலை 32 ஃபிரேம் என்று உனக்கு இப்போது தெரியும். இரண்டையும் ஒரே பத்தியில் வை.

மீடியா மாணவி:
கன்வெர்ட் ஆயிடுச்சு, 50 நிமிடம் ஆச்சு. ஃபோன் ஒலி கடைசி வரைக்கும் பொருந்துது! காலர் மைக் ஒலி மட்டும் 18-வது நிமிடத்தில் 2 ஃபிரேம் தள்ளி இருக்கு. இது இன்னும் பழைய பிரச்சினையா?

ஒலிக்காரர்:
இது தம்பி சொன்ன நோய். இரண்டு ஃபோன், இரண்டு கடிகாரம். உங்கள் பெரியவரைக் கேளுங்கள், ஒரே நேரத்துக்கு வைத்த இரண்டு கைக்கடிகாரம் ஒரு வாரம் கழித்து என்ன காட்டும் என்று சொல்வார். குரல் முந்துகிறதா, பிந்துகிறதா?

மீடியா மாணவி:
முந்துது.

ஒலிக்காரர்:
அப்படியென்றால் திருத்திவிடுங்கள். 2 ஃபிரேம் என்பது 67 மில்லிவிநாடி. ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரைப்படி, குரல் சுமார் 125 மில்லிவிநாடி பிந்தினால்தான் பார்ப்பவர் உணர்வார். ஆனால் 45 முந்தினாலே உணர்ந்துவிடுவார். தூரத்திலிருந்து வரும் ஒலி பிந்தி வந்தே நமக்குப் பழக்கம், முந்தி வந்து பழக்கமில்லை. ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி சுமார் 11 மீட்டர்தான் போகிறது.

உங்கள் படம் 6 நிமிடம், துண்டுகளும் சிறியவை. ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் காலர் மைக் ஒலியை ஃபோன் ஒலியின் அலைவடிவத்தோடு பொருத்தினால் போதும். பொருத்திய பிறகு ஃபோன் ஒலியை மியூட் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும்.

மீடியா மாணவி:
முடிச்சுட்டேன். 38 கட்டில் 5 மட்டும்தான் மாத்த வேண்டியிருந்தது. குறிப்பேட்டில் அந்தப் பகுதி மூணு வரியிலிருந்து ரெண்டு பக்கம் ஆயிடுச்சு மேடம், அட்டவணையோட. தம்பி அண்ணா, உங்க யோசனை ஏன் தோத்ததுங்கறதுக்கே அரைப் பக்கம் போயிருக்கு, கோவிச்சுக்காதீங்க.

இப்போ "மூ"வில் அவர் உதடு ஒட்டுது. சொல்லி முடிச்சு, ரெண்டு விநாடி எதுவும் பேசாமல் தன் கையையே பார்க்கிறார். அதுக்கப்புறம்தான் லென்ஸை எடுத்துக் கண்ணில் வெக்கிறார். என் முதல் தொகுப்பில் அந்த ரெண்டு விநாடி இல்லை. அங்கே குரல் ஓடிக்கிட்டு இருந்ததால் ஏதோ தப்பான இடம்னு நினைச்சு வெட்டிட்டேன். திரும்ப வெச்சுட்டேன். படம் இப்போ 6 நிமிடம் 2 விநாடி. மேடம், அந்த 2 விநாடிக்கு மதிப்பெண் குறைப்பாங்களா?

மீடியா ஆசிரியை:
உங்கள் பாட விதிமுறையில் நீள வரம்புக்குச் சலுகை உண்டா என்று இன்றைக்கே பார். இல்லையென்றால் தொடக்கத்தில் பெயர் வரும் கார்டிலிருந்து 2 விநாடியை எடு. இங்கிருந்து எடுக்காதே.