ராப் ஸாம்பியின் கிட்டாரிஸ்ட் போட்ட சொந்த பேண்ட்: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இரவுராகம்:
அமெரிக்க மெட்டல் பாடகர் ராப் ஸாம்பியின் 'ஹெல்பில்லி டீலக்ஸ்' ஆல்பம் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். அதில் கிட்டார் வாசித்த ரிக்ஸ், பிற்பாடு 'ஸ்கம் ஆஃப் தி எர்த்' என்று தனி பேண்ட் ஆரம்பித்த விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு பாட்டு கேட்டேன். பிணம், ரத்தம், கரகரக் குரல்... முதலாளி கடைக்கு எதிரிலேயே அதே சரக்கோடு கடை போட்ட மாதிரி இருக்கிறது. மேற்கொண்டு கேட்கலாமா?

பின்வரிசை:
கேளுங்க தம்பி. நானும் மெல்லிசைக் குழுவில் பாடகருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறவன், அதனால் ரிக்ஸ் மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. 1998-இல் வந்த அந்த ஆல்பத்திலும், 2001-இல் வந்த 'தி சினிஸ்டர் அர்ஜ்'-இலும் அவர், பிளாஸ்கோ, ஜான் டெம்பெஸ்டா மூவரும் இருந்தார்கள். அப்புறம் பிளாஸ்கோ ஓஸி ஆஸ்பர்னிடம் பேஸ் வாசிக்கப் போனார், டெம்பெஸ்டா 'தி கல்ட்' பேண்டில் டிரம்ஸுக்கு உட்கார்ந்தார். மைக்கைத் தானே பிடித்தது ரிக்ஸ்தான்.

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஸாம்பி பாட்டில் கிட்டார் ஓர் அடுக்கு மட்டும்தான். கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வெட்டி வெட்டி வாசித்திருப்பார்கள், அதன்மேல் கீபோர்டு, பழைய படத்து வசனம், எல்லாவற்றுக்கும் மேலே குரல். ரிக்ஸ் தன் பேண்டில் அந்த ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, முன்னுக்கு இழுத்து, இரண்டு காதிலும் நிரப்பிவிடுகிறார். குரல்தான் சுமார். உறுமத் தெரிகிறது, பயமுறுத்தத் தெரியவில்லை.

2004-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆரம்பிங்க. பேரே 'பிளா பிளா பிளா லவ் சாங்ஸ் ஃபார் தி நியூ மில்லேனியம்'. காதல் பாட்டை அதில் தேடாதீங்க.

கறுப்புச்சட்டை:
அண்ணன் ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறார். ஸாம்பி ஆல்பங்களில் பாட்டு எழுதியவர்கள் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் ராப் ஸாம்பியும் தயாரிப்பாளர் ஸ்காட் ஹம்ஃப்ரியும்தான். ஒலியைக் கட்டியது அவர்கள். ரிக்ஸ் அந்த அச்சை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவே. அவருடைய முதல் ஆல்பத்தில் 'கெட் யுவர் டெட் ஆன்' ஜாலியான பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். முழு ஆல்பமாகக் கேட்டால் அலுத்துவிடுகிறது.

பின்வரிசை:
எழுதியவர் யார் என்பது வேறு, கம்பியில் விழுந்த கை யாருடையது என்பது வேறு. 2005-இல் அவர் இடத்துக்கு வந்த ஜான் 5 விரல் வித்தையில் பெரிய ஆள், சந்தேகமில்லை. ஆனால் அந்த முரட்டு வெட்டு அவர் கையில் கொஞ்சம் பாலிஷ் ஆகிவிட்டது. 2022-இல் ஜான் 5 'மோட்லி க்ரூ' பேண்டுக்குப் போனதும் ஸாம்பி யாரைத் திரும்பக் கூப்பிட்டார்? ரிக்ஸைத்தான்.

இரவுராகம்:
சரி, 2004 ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. குரல் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி. அடுத்து 2007-இன் 'ஸ்லீஸ் ஃப்ரீக்' போடட்டுமா, நேராக அவர்களின் 2012 ஆல்பத்துக்கே போய்விடட்டுமா?

கறுப்புச்சட்டை:
2007. முதலில் இரண்டு பாட்டு, அதுவும் சத்தமாக.