ஜெஸ் பட்டர்வொர்த்: புத்தகத்தில் படிப்பவர்களும் மேடையேற்றுபவர்களும் கவனிக்க

மேடைப்பித்தன்:
ஆங்கில நாடகாசிரியர் ஜெஸ் பட்டர்வொர்த்தின் நாடகப் புத்தகத்தை எடுத்தால், கதைக்குப் போகும் முன் முன்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். லண்டனில் புது நாடகம் அரங்கேறும்போதே புத்தகமும் விற்பனைக்கு வந்துவிடும். அதற்காக ஒத்திகை முடியுமுன்னே பிரதி அச்சுக்குப் போகிறது. கடைசி வாரத்தில் வெட்டியது, சேர்த்தது எதுவும் அதில் இருக்காது. பதிப்பகமான நிக் ஹெர்ன் புக்ஸ் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது, யாரும் படிப்பதில்லை. பிறகு நாடகம் பார்த்துவிட்டு, நடிகர் வசனத்தை விழுங்கிவிட்டார் என்று புலம்பல்! 'தி ஹில்ஸ் ஆஃப் கலிஃபோர்னியா'வில் வித்தியாசம் பெரிது. 2024 தொடக்கத்தில் லண்டனில் போட்ட மூன்றாம் அங்கத்தை அதே ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போகும்போது பட்டர்வொர்த் மாற்றி எழுதினார். விமர்சனம் படித்தால் எந்த ஊர் விமர்சனம் என்று பாருங்கள்.

பழைய பேப்பர்:
'தி ஃபெர்ரிமேன்' (2017) எடுத்தால் பென்சிலும் எடுங்கள். 1981, வடக்கு அயர்லாந்தின் ஆர்மா, அறுவடை நாள், 20க்கு மேல் பாத்திரங்கள். குவின் கார்னி, மனைவி மேரி, ஏழு பிள்ளைகள். காணாமல்போன, குவினின் சகோதரன் ஷேமஸின் மனைவி கேட்லினும் மகன் ஓஷீனும் அதே வீட்டில். வம்சமரம் போடாமல் உள்ளே போனால் இருபதாம் பக்கத்தில் திரும்பி வருவீர்கள். முக்கியமாக, வீட்டில் 'பாட்' என்ற பெயரில் இரண்டு பேர். அங்கிள் பாட் விஸ்கியும் பழைய ரோமானியக் கவி வர்ஜிலுமாக இருப்பவர். ஆன்ட் பாட் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியில் உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவர், அந்தக் கோபம் ஆறவே இல்லை. பெயர் மாறிப் படித்தால் வீட்டு அரசியலே தலைகீழாகிவிடும். அங்கிள் பாட் வர்ஜிலின் காவியமான ஈனியட்டை எடுத்துப் பேசும் இடத்தை மட்டும் தாண்டாதீர்கள். அதில், இறந்தவர்களை ஆற்றைக் கடத்தும் படகோட்டி (ஃபெர்ரிமேன்) அடக்கம் செய்யப்படாதவரை அக்கரை சேர்க்க மாட்டான். ஷேமஸின் உடல் கிடைத்ததோ சதுப்புநிலத்தில். தலைப்பு அங்கேதான் திறக்கிறது.

திரைச்சீலை:
அண்ணே, மேடையேற்றுபவர்களுக்கு 'தி ரிவர்' பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று முக்கியப் பாத்திரம், ஒரு குடிசை, இடைவேளை இல்லை, சுமார் 80 நிமிடம். சுலபம் என்று தோன்றும். சிக்கல் மீனில். பேச்சே இல்லாமல் நாயகன் மீனைக் கழுவி, வயிற்றைக் கீறி, சமையலுக்குத் தயார் செய்கிறான். சுத்தம் செய்த மீனை வாங்கினால் காட்சி போச்சு. குடலோடு முழு மீனாகக் கேளுங்கள். உறைந்த மீன் என்றால் முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். நடுவில் பனி நின்றால் குடல் பிய்ந்து வரும், கத்தியும் சறுக்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி, பக்கத்தில் மூடி போட்ட வாளி. ஒத்திகைக்கே ஐந்தாறு மீன் கணக்கில் வையுங்கள். நேரம் இழுக்கிறதென்று அந்த மௌனத்தைச் சுருக்காதீர்கள். அவன் வாயால் சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு உண்டு. கைவேலையில் பொய் இல்லை, அதனால்தான் அந்தக் காட்சி.

உரிமம் இல்லாமல் ஒத்திகையே தொடங்க வேண்டாம். அமெச்சூர் குழு என்றால் பதிப்பகத்திடம், தொழில்முறைக் குழு என்றால் நாடகாசிரியரின் ஏஜென்டிடம். மொழிபெயர்ப்பு உரிமை தனி.

பழைய பேப்பர்:
'மோஜோ' (1995) படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1958, லண்டனின் சோஹோ பகுதி. சாம் ராஸ் என்ற பெயரைச் சொல்லியே எல்லாரும் நடுங்குவார்கள், ஆனால் ஆள் மேடைக்கு வருவதே இல்லை. 1997இல் பட்டர்வொர்த்தே இயக்கிய படத்தில் அந்த வேடத்தில் நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் வருகிறார். படத்தை முதலில் பார்த்தால் அந்த முகம் மனதில் ஒட்டிக்கொண்டு நாடகத்தின் பயம் பாதியாகிவிடும்.

மேடைப்பித்தன்:
சினிமாப் பெயர்ப்பட்டியலில் '&' போட்டால் சேர்ந்து எழுதிய ஜோடி, 'ஆண்ட்' என்றால் தனித்தனியே எழுதியவர்கள். 'ஃபோர்ட் வி ஃபெராரி'யில் ஜெஸ், சகோதரர் ஜான்-ஹென்றி இருவருக்கும் இடையில் '&', ஜேசன் கெல்லருக்கு முன் 'ஆண்ட்'. அந்தப் படத்தின் வசனத்தைப் பாராட்டும் முன் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.